ஆபரேஷன் செலவு மட்டும்தான் கணக்கா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சிகிச்சைக்காக இந்தியா வரும் வெளிநாட்டவரைப் பற்றித் தங்கள் நாளிதழில் வெளியான கட்டுரையைப் படித்தேன். அமெரிக்காவில் லட்சம் டாலரைத் தாண்டக்கூடிய பைபாஸ் இங்கே அதில் சிறு பங்கில் முடிந்துவிடுகிறது என்பது உண்மைதான். ஆனால் அந்தச் செலவுக்குப் பயந்து வரும் அமெரிக்கரை வேலூரில் நான் அதிகம் பார்த்ததில்லை. இந்தியாவுக்கு மருத்துவத்துக்காக வருகிறவர்களில் வெகு காலமாக முதலிடம் வங்கதேசத்தாருக்குத்தான். பெனாபோல் எல்லையைக் கடந்து, கொல்கத்தா வந்து, ஹவுராவில் ரயிலேறி, காட்பாடியில் மூட்டை முடிச்சோடு இறங்கும் குடும்பங்கள் அவை. நிலத்தை விற்றுவிட்டு வருகிறவர்களும் அவர்களில் உண்டு. மருத்துவமனைக்குப் பக்கத்தில் சிறிய லாட்ஜ் நடத்துகிறவன் நான். கட்டுரையில் விடுபட்டுப்போன செலவைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

ஊரைவிட்டுக் கிளம்பும்போது அவர்கள் கையில் இருப்பது ஆபரேஷனுக்கான தொகை மட்டுமே. இங்கே வந்ததும் பழைய ஸ்கேன் போதாது, புதிதாக எடுக்க வேண்டும் என்பார்கள். பயாப்சி முடிவு வர நாளாகும். சர்க்கரை கட்டுக்குள் வராமல் மயக்க மருந்து டாக்டர் சம்மதிக்க மாட்டார். இதில் மருத்துவர்களைக் குறை சொல்ல எதுவும் இல்லை. ஆனால் அத்தனை நாளும் நோயாளிக்கும் துணைக்கு வந்தவர்களுக்கும் அறை வாடகை உண்டு, சாப்பாடு உண்டு, ஆட்டோ உண்டு. அதனால்தான் இங்குள்ள லாட்ஜ்களில் அறையிலேயே சமைத்துக்கொள்ள அடுப்பும் பாத்திரமும் கொடுக்கிறோம். கடுகெண்ணெயும் ரோகு மீனும் எங்கள் கடைத்தெருவுக்கு வந்தது இப்படித்தான். (எங்கள் தெரு மளிகைக்காரர் பேசும் வங்காளத்தைக் கேட்டால் எனக்கே பொறாமையாக இருக்கும்.)

மருத்துவ விசாவில் வரும் ஒருவருடன் அதிகபட்சம் இரண்டு பேர் துணைக்கு வரலாம். அவர்களுக்குத் தனி விசா. சிகிச்சை நீண்டால் எல்லோருடைய விசாவையும் நீட்டிக்க அலைய வேண்டும். வெளிநாட்டவர் யார் தங்கினாலும் 24 மணி நேரத்துக்குள் அவரைப் பற்றிய விவரப் படிவத்தை நாங்கள் அரசுக்கு அனுப்பியாக வேண்டும். சட்டம் தேவைதான். ஆனால் அந்த வேலைக்குப் பயந்து வெளிநாட்டுப் பாஸ்போர்ட்டைப் பார்த்ததுமே ‘அறை காலி இல்லை’ என்று கைவிரிக்கும் லாட்ஜ்காரர்களும் இருக்கிறார்கள். வயிற்றில் கட்டியோடு ஒருவர் வாசல் வாசலாக ஏறி இறங்குவதைப் பார்க்கச் சகிக்காது.

இவற்றையெல்லாம்விட எனக்குக் கோபம் தருவது தரகர்கள்தான். ரயிலடியிலேயே பெட்டியை வாங்கிக்கொண்டு, மொழி தெரிந்தவன்போல் பேசி, எந்த மருத்துவமனையில் தனக்குக் கமிஷன் கூடுதலோ அங்கே அழைத்துப்போகிறார்கள். பெரிய மருத்துவமனைகளில் இணையதளத்திலேயே முன்பதிவு செய்துகொள்ளலாம் என்பதைச் சொல்லவே மாட்டார்கள். நோயாளியை அனுப்பியதற்காக மருத்துவர் கமிஷன் கொடுக்கவோ வாங்கவோ கூடாது என்று இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002ஆம் ஆண்டு நன்னடத்தை விதிகள் தெளிவாகச் சொல்கின்றன. அந்த விதி மருத்துவரைத்தான் கட்டுப்படுத்தும். தரகரைக் கட்டுப்படுத்துவது யார்? வெளிநாட்டு நோயாளிகளை அழைத்துவரும் முகவர்களைப் பட்டியலிட மருத்துவமனைத் தர அங்கீகார வாரியம் ஒரு திட்டம் வைத்திருக்கிறது. ஆனால் அதில் சேருவது அவரவர் விருப்பம். கமிஷனில் பிழைப்பவன் தானாக வந்து பெயர் கொடுப்பானா? பதிவைக் கட்டாயமாக்குங்கள், நோயாளியிடமும் மருத்துவமனையிடமும் எவ்வளவு வாங்கினார் என்பதற்கு ரசீது கேளுங்கள். லாட்ஜ்காரர்கள் தரகருக்குக் கொடுக்கும் பங்கும் இதில் வரட்டும். எங்களுக்கு மட்டும் விலக்கு வேண்டாம்.

ஊர் திரும்பிய பிறகு நடப்பதையும் யாரும் பேசுவதில்லை. டிஸ்சார்ஜ் சீட்டில் இந்தியக் கம்பெனிப் பெயரில் மாத்திரை எழுதியிருந்தால் டாக்கா கடைக்காரருக்கு அது புரியாமல் போகலாம். இங்கே நாம் டோலோ என்று கேட்டு வாங்கும் பாரசிட்டமால் அங்கே நாபா. காய்ச்சல் மாத்திரையில் குழப்பம் வந்தால் சமாளித்துவிடலாம். மாற்றுச் சிறுநீரகம் பொருத்திக்கொண்டவரின் மருந்தில் வந்தால்? மருந்தின் மூலப்பெயரைத் தெளிவாக, கூடுமானால் பெரிய எழுத்தில் எழுத வேண்டும் என்று 2016இல் மருத்துவர்களுக்கான அதே நன்னடத்தை விதிகளில் திருத்தமும் வந்தது. அதைக் கடைப்பிடிக்கப் புதிதாக ஒரு பைசா செலவில்லை.

2024 ஆகஸ்டில் வங்கதேசத்தில் ஆட்சி மாறிய பிறகு அவர்களுக்கு இந்தியா தரும் விசா குறைந்தது. எங்கள் தெருவில் அறைகள் காலியாகின. 2025 மார்ச்சில் வங்கதேச நோயாளிகளின் முதல் குழு சீனாவின் குன்மிங் நகருக்குச் சிகிச்சைக்குப் போனது. எல்லைக்கு அப்பால் வேறு கதவுகளும் திறக்கின்றன என்பதை 2025 மத்திய பட்ஜெட்டில் மருத்துவப் பயணத்துக்கு விசா எளிதாக்கப்படும் என்று அறிவித்தவர்கள் கவனிக்க வேண்டும்.

மாநில அரசிடம் நான் கேட்பது ஒன்றுதான். தனியார் மருத்துவமனைகளைப் பதிவு செய்யும் 1997ஆம் ஆண்டுச் சட்டம் நம்மிடம் இருக்கிறது. அதன் விதிகளில் ஒரு வரி சேருங்கள்: வெளிநாட்டு நோயாளிக்கு அழைப்புக் கடிதம் அனுப்பும்போதே பரிசோதனை, மருந்து, உத்தேசமாகத் தங்க வேண்டிய நாட்கள், மறுபரிசோதனைக்கு எப்போது வர வேண்டும் என்பதெல்லாம் அடங்கிய மதிப்பீட்டை எழுத்தில் தர வேண்டும், அதற்கு மேல் செலவு போனால் காரணத்தையும் எழுத்தில் தர வேண்டும்.

இப்படிக்கு,
லாட்ஜ் நடத்தும் வாசகர்,
சைதாப்பேட்டை, வேலூர்.