காற்றைக் கேட்டுவிட்டு ஷெட்யூல் போடுங்கள்

திரைப்பட, தொடர் தயாரிப்பாளர்களுக்கும் புரொடக்‌ஷன் மேனேஜர்களுக்கும்,

வணக்கம். மண்டபம், பாம்பன், தனுஷ்கோடிக்கு யூனிட் வண்டிகள் வருகின்றன. கேமரா, லைட், ஆட்கள் எல்லாம் சென்னையிலிருந்தே இறங்குகிறார்கள். இந்தக் கரையில் கேட்பது படகும் சாப்பாடும்தான். அந்தப் படகுக்காரரையும் படப்பிடிப்பன்று விடியற்காலையில்தான் தேடுகிறீர்கள். பணம் கடலில் போவது அங்கேதான்.

இங்கே கடல் இரண்டு. வடக்கே பாக் விரிகுடா பெண் கடல், தெற்கே மன்னார் வளைகுடா ஆண் கடல். வைகாசியில் கச்சான் என்ற தென்மேற்குக் காற்று எழும்பினால் புரட்டாசி வரை ஆண் கடல் சீறும், பெண் கடல் குளம் மாதிரி கிடக்கும். ஐப்பசிக்குப் பிறகு வாடைக் காற்று வந்தால் அப்படியே தலைகீழ். ஜூலையில் தென்கரையில் படகுக் காட்சி என்று தாளில் எழுதிக்கொண்டு வந்து, மூன்று நாள் சும்மா உட்காருவானேன்? தனுஷ்கோடியில் சாலையைத் தாண்டினால் மறுகடல்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை. விசைப்படகுகள் சும்மாதானே நிற்கின்றன என்று அப்போது வருவது வழக்கம். படகைக் கரையேற்றிப் பழுது பார்த்துப் பெயிண்ட் அடிப்பதும் அந்த நாட்களில்தான். மார்ச்சில் படமெடுத்த படகு ஜூனில் வேறு முகத்தோடு நிற்கும், காட்சிக்குக் காட்சி ஒத்துவர வேண்டிய கன்டினியூட்டி போச்சு.

உப்பு படிந்த லென்ஸை உலர்ந்த துணியால் தேய்த்தால் உப்புப் பரல் கோட்டிங்கைக் கீறிவிடும். முதலில் காற்றடிக்கும் புளோயர், பிறகு நல்ல தண்ணீர் தொட்ட மைக்ரோஃபைபர், கடைசியில்தான் உலர் துணி. லென்ஸ் மாற்றுவது வண்டிக்குள் மட்டும். ஸ்டாண்டையும் டிராலிச் சக்கரத்தையும் அன்றிரவே அலச வேண்டும். ஆனால் பல இடங்களில் போர்வெல் தண்ணீரே உப்பு, அதில் கழுவுவதும் கழுவாததும் ஒன்று. டேங்கருக்கு முதல் நாளே சொல்லிவையுங்கள். வெளிச்சத்தை மட்டுப்படுத்தும் 12 அடிக்கு 12 அடி துணியைக் கச்சான் காற்றில் விரித்தால் அது பாய்மரத் துணி, ஸ்டாண்டோடு ஆளையும் இழுக்கும். ஜெனரேட்டர் வண்டியை மணலில் இறக்காதீர்கள், அச்சு வரை புதையும். தார்ச்சாலையில் நிறுத்திக் கேபிள் இழுங்கள். தூரம் கூடினால் தடித்த கேபிள் வேண்டும், இல்லாவிட்டால் வோல்டேஜ் இறங்கிப் பெரிய விளக்கு பற்றாது.

மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் தேசியப் பூங்கா. வனத்துறை அனுமதியில்லாமல் அங்கே கால் வைக்க முடியாது. உச்சிப்புளியில் ஐஎன்எஸ் பருந்து கடற்படை விமானதளம் இருக்கிறது. ட்ரோன் பையைத் திறக்கும் முன், எங்கே பறக்கவிடலாம் என்று காட்டும் மத்திய அரசின் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தைப் பாருங்கள். சிவப்பு மண்டலம் என்றால் மத்திய அரசின் முன் அனுமதி வேண்டும்.

லொகேஷன் பார்க்க வரும் நாளிலேயே ஊர்ப் படகுக்காரர் ஒருவருக்குப் பேட்டா கொடுத்துக் கூட வைத்துக்கொள்ளுங்கள். காற்றால் வேலை நின்ற நாளுக்கும் பாதிக் கூலி என்று முதலிலேயே பேசிவிடுங்கள். லைட்டுக்கும் டிராக்குக்கும் உள்ளூர்ப் பையன்கள் இரண்டு பேரைச் சேர்த்தால், ஐந்தாறு படத்தில் வேலை தெரிந்த கைகள் இங்கேயே இருக்கும். திரைத் தொழிலாளர் சங்க அட்டை இல்லாதவரைச் சேர்ப்பதில் சிக்கல் உண்டு, தெரியும். அதைச் சங்கத்தோடு உட்கார்ந்து பேச வேண்டியவர்கள் நீங்கள்தான்.

இப்படிக்கு,
இராமநாதபுரம் கரையோரத்தில் படப்பிடிப்பு வேலை பார்ப்போர்