வெளிநாட்டில் பிறந்த மகளுக்குக் குடியுரிமையும் பிள்ளை நல உதவிகளும் வேண்டிக் கோரிக்கை மனு

அனுப்புநர்:
கீழே கையொப்பமிட்டுள்ள தாய்,
பட்டர்வொர்த், பினாங்கு.

பெறுநர்:
மாண்புமிகு உள்துறை அமைச்சர் அவர்கள்,
உள்துறை அமைச்சு, புத்ராஜெயா.

வழி: இயக்குநர், தேசியப் பதிவுத் துறை, பினாங்கு மாநிலம்.

பொருள்: கூட்டரசு அரசமைப்புச் சட்டம் 15(2) விதியின்கீழ் (குடிமக்களின் பிள்ளையைக் குடிமகனாகப் பதிவு செய்ய அரசாங்கத்துக்கு அதிகாரம் தரும் விதி) நிலுவையில் உள்ள விண்ணப்பத்துக்கு முடிவு வேண்டுதல்.

மாண்புமிகு அமைச்சர் அவர்களுக்கு வணக்கம்.

நான் பட்டர்வொர்த்தில் பிறந்து, இவ்வட்டாரத் தமிழ்ப்பள்ளியில் படித்து, இன்று பிறை என்னும் ஊரில் உள்ள தொழிற்சாலை ஒன்றில் எழுத்தராகப் பணிபுரியும் மலேசியக் குடிமகள். என் கணவர் திருச்சிராப்பள்ளியைச் சேர்ந்த இந்தியக் குடிமகன். எங்கள் திருமணம் சட்டப்படி பதிவு செய்யப்பட்டது. மூத்த மகள் 2020 ஏப்ரலில் திருச்சியில் பிறந்தாள். இளைய மகன் 2023 நவம்பரில் பினாங்கில் பிறந்தான். மகன் பிறந்த அன்றே மலேசியக் குடிமகன். பிள்ளைகளுக்கான அடையாள அட்டையான மைகிட் வைத்திருக்கிறான். மகளோ இந்தியக் கடப்பிதழுடன், நீண்டகாலச் சமூக வருகை அனுமதியில், பெற்ற தாயின் வீட்டிலேயே வெளிநாட்டவராக வாழ்கிறாள். அவளுக்குக் குடியுரிமை வழங்குமாறும், முடிவு வரும்வரை கல்வியிலும் மருத்துவத்திலும் அரசு உதவித்தொகையிலும் அவளை மலேசியப் பிள்ளையாகவே நடத்துமாறும் இம்மனுவின் வழி கேட்டுக்கொள்கிறேன்.

மகள் இந்தியாவில் பிறந்தது நாங்கள் விரும்பிச் செய்த ஏற்பாடு அன்று. திருமணத்துக்குப் பின் கணவரின் பணி காரணமாகத் திருச்சியில் இருந்த நான், பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்கு வரத் திட்டமிட்டிருந்தேன். கோவிட்-19 கிருமித்தொற்றால் 2020 மார்ச் 18-ஆம் தேதி இங்கே நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தது. வெளிநாட்டவர் நாட்டுக்குள் வருவதும் நிறுத்தப்பட்டது. மார்ச் 23 முதல் இந்தியா பன்னாட்டுப் பயணிகள் விமானச் சேவையை நிறுத்தியது. கணவரை விட்டு, நிறைமாத வயிற்றோடு, எந்த விமானம் எப்போது கிளம்பும் என்று தெரியாத நிலையில் பயணம் செய்ய மருத்துவர் சம்மதிக்கவில்லை. அந்தக் கிருமித்தொற்றுக் காலத்தில் உலகமே நகர முடியாமல் நின்றது. அதன் விளைவை ஒரு குழந்தை தன் குடியுரிமையில் சுமக்க வேண்டியதில்லை என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

அவளுடைய நிலைக்குக் காரணம் அரசமைப்புச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணையில், வெளிநாட்டில் பிறக்கும் பிள்ளைக்குத் தகப்பனின் குடியுரிமையை மட்டுமே அளவுகோலாக வைத்த விதியாகும். என் உடன்பிறந்த அண்ணனும் தமிழ்நாட்டில்தான் பெண் எடுத்தார். அண்ணி இந்தியக் குடிமகள். அவர்களின் பிள்ளையும் தமிழ்நாட்டில்தான் பிறந்தது. அண்ணன் சென்னையில் உள்ள மலேசியத் துணைத் தூதரகத்தில் பிறப்பைப் பதிவு செய்தார். பிள்ளை மலேசியக் குடிமகனாக ஊர் வந்து சேர்ந்தான். அண்ணனும் நானும் ஒரே தாய் தகப்பனுக்குப் பட்டர்வொர்த்தில் பிறந்தவர்கள். அவர் ஆண், நான் பெண் என்பதைத் தவிர எங்கள் இருவரின் பிள்ளைகளுக்கும் இடையே சட்டம் காட்டக்கூடிய வேறுபாடு எதுவும் இல்லை. பால் அடிப்படையில் பாகுபாடு கூடாது என்று 2001-ஆம் ஆண்டிலேயே அரசமைப்புச் சட்டத்தின் 8(2) விதியில் சேர்த்த நாடு நம் நாடு.

இக்குறையை நான் மட்டும் சொல்லவில்லை. 2021 செப்டம்பர் 9-ஆம் தேதி கோலாலம்பூர் உயர் நீதிமன்றம், இரண்டாம் அட்டவணையின் அந்த விதியில் தகப்பன் என்பது தாயையும் உள்ளடக்கும் என்று தீர்ப்பளித்தபோது என் போன்ற தாய்மார்கள் கண்ணீர் விட்டோம். 2022 ஆகஸ்டு 5-ஆம் தேதி மேல்முறையீட்டு நீதிமன்றம் இரண்டுக்கு ஒன்று என்ற பெரும்பான்மையில் அதை மாற்றியது. பின்னர் தங்கள் அமைச்சு கொண்டுவந்த அரசமைப்புத் திருத்த மசோதா 2024 அக்டோபர் 17-ஆம் தேதி 206 உறுப்பினர்களின் ஆதரவுடன் மக்களவையில் நிறைவேறியது. பெற்றோரில் ஒருவர் குடிமகனாக இருந்தாலே போதும் என்று அளவுகோலை மாற்றிய அத்திருத்தத்துக்காகத் தங்களுக்கும் அரசாங்கத்துக்கும் நான் மனமார நன்றி சொல்கிறேன்.

ஆனால் அத்திருத்தம் நடப்புக்கு வந்தபின் பிறக்கும் பிள்ளைகளுக்கே அதன் பயன் உண்டு. முன்னதாகப் பிறந்தவர்களுக்குப் பழையபடி 15(2) விதியே வழி. இனி என்னைப் போன்ற ஒரு தாய்க்கு வெளிநாட்டில் பிறக்கும் குழந்தை உரிமையாகப் பெறுவதை, என் மகள் சலுகையாகக் கேட்டு நிற்கிறாள். அதே திருத்தம் 15(2) விதியின் வயது வரம்பை 21-இலிருந்து 18-ஆகக் குறைப்பதால், பதின்ம வயதைத் தாண்டும் பிள்ளைகளை உடைய தாய்மார்களின் தவிப்பு என்னுடையதைவிடப் பெரிது. அவர்களுக்காகவும் சேர்த்தே இதை எழுதுகிறேன். விண்ணப்பம் முடிவுக்கு வரும் நாளில் உள்ள வயதைக் கொள்ளாமல், விண்ணப்பித்த நாளில் இருந்த வயதையே கணக்கில் கொள்ள வேண்டும். கோப்பு தாமதமானதற்குப் பிள்ளை பொறுப்பாகாது.

எங்கள் விண்ணப்பம் உரிய ஆவணங்களுடன் ஏற்றுக்கொள்ளப்பட்டு நீண்ட காலமாகிறது. கேட்கும்போதெல்லாம் பரிசீலனையில் இருப்பதாகவே பதில் வருகிறது. இவ்வகை விண்ணப்பங்களில் கூட்டரசு அரசாங்கத்தின் முடிவை எந்த நீதிமன்றத்திலும் மேல்முறையீடு செய்ய முடியாது என்று இரண்டாம் அட்டவணை சொல்கிறது. அதனால் தங்கள் கையொப்பத்தைத் தவிர எங்களுக்கு வேறு வாசல் இல்லை. நிராகரிக்கப்பட்டாலும் காரணம் தெரிந்தால்தான் குறையைச் சரிசெய்து மீண்டும் விண்ணப்பிக்க முடியும்.

இதற்கிடையில் அன்றாட வாழ்க்கை காத்திருப்பதில்லை. அரசுச் சுகாதார நிலையத்தில் மகனுக்கு ஒரு ரிங்கிட் கட்டணம். மகள் டெங்கிக் காய்ச்சலில் அரசு மருத்துவமனை ஒன்றில் சேர்க்கப்பட்டபோது, வெளிநாட்டவருக்கான கட்டணப் பட்டியலின்படி முன்பணம் கேட்டார்கள். கையில் இருந்த வளையல்களை அடகு வைத்துக் கட்டினோம். அங்கே இருந்த தாதியர் அன்பாகவே நடந்துகொண்டார்கள்; விதி அவர்கள் கையில் இல்லை. குறைந்த வருமானக் குடும்பங்களுக்கு அரசு வழங்கும் ரஹ்மா ரொக்க உதவியில், 2023-ஆம் ஆண்டில், மாத வருமானம் 2,500 ரிங்கிட்டுக்கு உட்பட்ட குடும்பத்துக்குப் பிள்ளை இல்லையென்றால் 1,000 ரிங்கிட்டும், ஒன்று அல்லது இரண்டு பிள்ளைகள் இருந்தால் 1,500 ரிங்கிட்டும் வழங்கப்பட்டன. மைகிட் எண் இல்லாத மகள் எங்கள் கணக்கில் சேரவில்லை. மூன்று வயது குழந்தை ஓடியாடிய எங்கள் வீடு, பிள்ளையில்லாத வீடாகவே பதிவானது. தொகையின் குறைவைவிட, இந்தப் பதிவுதான் என்னை அதிகம் வருத்தியது.

2027-ஆம் ஆண்டில் மகள் தொடக்கப்பள்ளி முதலாம் ஆண்டில் சேர வேண்டும். நான் படித்த தமிழ்ப்பள்ளியிலேயே அவளைச் சேர்க்க விரும்புகிறோம். குடியுரிமை இல்லாத மாணவியாகச் சேர்ப்பதற்குக் கூடுதல் ஆவணங்களும் கல்வித் துறையின் தனி ஒப்புதலும் தேவைப்படுகின்றன. வருகை அனுமதியின் காலம் முடியும்போதெல்லாம் எல்லாவற்றையும் திரும்பத் தொடங்க வேண்டும். அந்த அனுமதி ஒருமுறை தவறினால் பள்ளியும் தவறும் என்ற பயத்தோடு ஒரு பிள்ளை படிக்கக் கூடாது.

இரட்டைக் குடியுரிமை பற்றிய ஐயம் எழக்கூடும். மகள் இந்தியச் சட்டப்படி பிறப்பால் இந்தியக் குடிமகள் என்பதையும், மலேசியாவும் இந்தியாவும் இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை என்பதையும் நானும் கணவரும் அறிவோம். மலேசியக் குடியுரிமைக்கான ஒப்புதல் கிடைத்ததும் இந்தியக் குடியுரிமையைத் துறந்து கடப்பிதழை ஒப்படைப்பதாக இருவரும் உறுதிமொழி எழுதி இணைத்துள்ளோம். ஒப்புதலுக்கு முன்பே துறக்கச் சொன்னால் அவள் எந்த நாட்டுக்கும் உரியவள் அல்லாத நிலைக்குப் போய்விடுவாள். ஆகவே அந்த வரிசை மாறாமல் பார்த்துக்கொள்ளும்படி வேண்டுகிறேன்.

எனவே, முதலாவதாக, மகளின் விண்ணப்பத்தை அவள் பள்ளி சேரும் முன் முடித்து, முடிவை எழுத்துமூலம், காரணத்துடன் தெரிவிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். மலேசியத் தாய்க்கு வெளிநாட்டில் பிறந்து, திருத்தத்தால் பயன்பெறாத பிள்ளைகளின் விண்ணப்பங்கள் அனைத்தையும் ஒரே பிரிவாகக் கொண்டு, தாயின் குடியுரிமையையும் பிறப்புச் சான்றிதழையும் அடிப்படையாக வைத்து ஓராண்டுக்குள் தீர்க்க உத்தரவிட வேண்டும். முடிவு நிலுவையில் உள்ள பிள்ளைக்கு, தேசியப் பதிவுத் துறை கொடுக்கும் விண்ணப்பச் சான்றையே காட்டி, குடிமக்களுக்குரிய மருத்துவக் கட்டணத்தையும் பள்ளிச் சேர்க்கையையும் உதவித்தொகைக் கணக்கையும் பெற வகை செய்யுமாறு நிதி, சுகாதார, கல்வி அமைச்சுகளுடன் தாங்கள் பேச வேண்டும். வருகை அனுமதியையும் விண்ணப்பம் முடியும் நாள்வரை ஒரே தவணையாக நீட்டித்துத் தருமாறு குடிநுழைவுத் துறைக்கு அறிவுறுத்த வேண்டும்.

மகளின் பிறப்புச் சான்றிதழ், எங்கள் திருமணப் பதிவுச் சான்றிதழ், என் அடையாள அட்டை (மைகார்டு), விண்ணப்ப ஒப்புகைச் சீட்டு ஆகியவற்றின் படிகளை இணைத்துள்ளேன். நேரில் விளக்கம் தேவைப்பட்டால், குறிப்பிடும் நாளில் மகளையும் அழைத்துக்கொண்டு புத்ராஜெயாவுக்கு வரத் தயாராக இருக்கிறேன்.

இப்படிக்கு,
பணிவுடன்,
மனுதாரர் (தாய்),
பட்டர்வொர்த், பினாங்கு.