பாப்பாவுக்கு அம்மா எழுதுவது

செவ்வாய்ப்பேட்டை, சேலம்
ஞாயிறு காலை

அன்புள்ள பாப்பா,

பார்சலில் பருப்புப்பொடியும், ஏற்காடு காபித்தூள் ஒரு கிலோவும், முறுக்கும் இருக்கின்றன. கடிதத்தை முறுக்கு டப்பாவுக்குள் வைத்திருக்கிறேன். நீ முதலில் அதைத்தான் திறப்பாய். ராத்திரி டியூட்டி முடிந்தால் ஏதாவது சாப்பிட்டுவிட்டுப் படு. வெறும் டீயோடு படுக்காதே.

பொங்கலுக்கு வந்து போனதிலிருந்து 'ம், சரி, அப்புறம் கூப்பிடறேன்' என்பதற்கு மேல் உன்னிடமிருந்து ஒன்றும் வருவதில்லை. படிப்பை விடப்போகிறாயா என்று நான் கேட்கவில்லை. கேட்டது கொண்டலாம்பட்டி சித்தி. நீ போடுகிற ஸ்டேட்டஸெல்லாம் அவளுக்குத் தெரிகிறது, எனக்குத்தான் தெரிவதில்லை.

அன்றைக்கு நான் என்ன பெரிதாகச் சொல்லிவிட்டேன்? 32 வருஷ நர்ஸ் சர்வீஸில் தினமும் கையில் பிடித்த சாமான், பெண்களின் பிறப்புறுப்பை விரித்துப் பார்க்கிற ஸ்பெகுலம். அதைச் செய்த அமெரிக்க டாக்டர் சிம்ஸ் பேரிலேயே 'சிம்ஸ் எடு' என்றுதான் எங்களுக்குப் பழக்கம். நீ தட்டைத் தள்ளிவிட்டு, "அந்தாள் பேரை இந்த வீட்ல சொல்லாதம்மா" என்று எழுந்து போனாய். கரும்பைக் கடித்துக்கொண்டிருந்த அப்பா அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

நீ போன பிறகு எல்லாவற்றையும் தேடிக் கேட்டேன். அந்த சிம்ஸ் அமெரிக்காவின் அலபாமாவில், 1845-லிருந்து 1849 வரை, பிரசவத்தில் கிழிந்து சிறுநீர் ஒழுகுகிற புண்ணைத் தைக்க அடிமைப் பெண்களின் உடம்பில் கற்றுக்கொண்டிருக்கிறார். அனார்க்கா, லூசி, பெட்ஸி. 1846-லேயே ஈதர் மயக்கம் வந்துவிட்டது, இவர்களுக்குக் கொடுக்கவில்லை. அனார்க்காவுக்கு மட்டும் முப்பது தடவை. ரெண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. நியூயார்க்கில் அவர் சிலையை 2018-ல் எடுத்தார்களாம். நல்லதுதான்.

ஆனால் அந்த முப்பதாவது தடவை தைத்தது வெள்ளிக் கம்பியால், பாப்பா. அதற்கு முன்னால் பட்டு நூலில் போட்ட தையலெல்லாம் புண்ணாகிப் போயிற்று. அப்பாவிடம் இதைச் சொன்னபோது பட்டறையில் கம்பி இழுத்துக்கொண்டிருந்தார். உனக்குத்தான் தெரியுமே, தகட்டில் ஒவ்வொரு துளையாகச் சின்னதாக்கிக்கொண்டே போவார். கடைசித் துளையில் வந்த கம்பியை விரலில் சுற்றி வெளிச்சத்தில் பார்த்தார். "இதையா உள்ள வச்சுத் தச்சான்?" என்றார். அதற்கப்புறம் கம்பியை மாட்டவே இல்லை, விளக்கை அணைத்துவிட்டு வந்துவிட்டார்.

மேலே ஏற்காட்டில் நான் வேலை பார்த்தபோது, 1989 என்று நினைவு, ஒரு பெண்ணை டோலி கட்டித் தூக்கி வந்தார்கள். மூன்று நாள் பிரசவ வலி, குழந்தை உள்ளேயே போய்விட்டது. அதற்குப் பிறகு சிறுநீர் நிற்கவே இல்லை. நாற்றம் என்று ஆட்டுக்கொட்டகையில் படுக்க வைத்திருந்தார்கள். நான்தான் பஸ்ஸில் கடைசி சீட்டில் உட்கார வைத்து, இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கி, பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டி வந்தேன். தைத்தார்கள். ரெண்டு மாதம் கழித்து சப்-சென்டருக்கு வந்தவள், பெஞ்சில் உட்கார்ந்தாள், எழுந்தாள், திரும்பிப் பெஞ்சைத் தடவிப் பார்த்தாள். காய்ந்திருந்தது. மறுபடி உட்கார்ந்தாள். அந்த வைத்தியம் யாரிடமிருந்து வந்தது என்று தெரிந்திருந்தாலும் வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வந்திருக்காது. உனக்கு வருமா?

சித்தப்பா சோளத்துக்குப் போடுகிற யூரியாவும் அப்படித்தானாம். அதற்கு வழி காட்டிய ஜெர்மன் விஞ்ஞானி ஹேபர்தான் 1915-ல் போர்முனையில் குளோரின் வாயுவைத் திறந்துவிட்டவர். 1918-க்கான நோபல் பரிசும் அவருக்கே. சித்தப்பாவிடம் இதைச் சொல்லிப் பிரயோஜனமில்லை, மூட்டை விலையைத்தான் சொல்லுவார்.

வார்டில் நீ அந்தப் பெயரைச் சொல்ல வேண்டாம். உனக்குக் கீழே படிக்க வருகிற பிள்ளைகளுக்கு அந்த மூன்று பெண்களின் பெயரைச் சொல்லிக்கொடு, அது உன்னால் முடியும். ஆனால் சாமானைக் கையில் எடு. வெந்நீரில் காட்டிவிட்டு எடு, சில்லென்ற இரும்பு பட்டால் பொம்பளைகள் நடுங்கிவிடுவார்கள். கட்டிலில் படுத்திருக்கிறவள் உன் கோபத்துக்காகக் காத்திருக்க முடியாது. நம் தெருவிலேயே உன்னைப் போல் படித்த பெண் இல்லை, பிடிவாதத்திலும் உன்னைப் போல் இல்லை. ராத்திரி ஒரு வாய் சாப்பிடு.

'கருவி என்ன பாவம் செய்தது' என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். அதைச் சொல்ல எனக்கு யோக்கியதை இருக்கிறதா தெரியவில்லை.

குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷனுக்கு இத்தனை பேரைக் கொண்டுவர வேண்டும் என்று டார்கெட் இருந்த காலம், 1991 மார்ச். மாத முடிவுக்குள் கேம்ப்புக்கு இன்னும் நாலு கேஸ் வேண்டும் எனக்கு. நாகலூருக்கு அப்பால் ஒரு ஊரில் ரெண்டு பெண் பிள்ளைகளோடு ஒருத்தி. ஜீப் படியில் கால் வைத்துக்கொண்டே, "பின்னால வேணும்னா அவுத்துக்கலாமா அக்கா?" என்று கேட்டாள். "அதெல்லாம் பாத்துக்கலாம், ஏறு" என்றேன். எனக்குத் தெரியும், பாப்பா. தெரிந்துதான் சொன்னேன். அடுத்த ஐப்பசியில் சின்னப் பிள்ளை காய்ச்சலில் செத்துப்போயிற்று. அவள் இறங்கி வந்து திட்டவில்லை. "அந்த முடிச்ச இப்ப அவுத்துருங்கக்கா" என்றாள். வண்டிச் சத்தத்துக்கு ஐந்து ரூபாய் கையில் கொடுத்து அனுப்பினேன்.

1996-ல் டார்கெட்டை எடுத்தார்கள். அதற்குள் எனக்கு ரெண்டு தடவை பாராட்டுச் சான்றிதழ் கொடுத்துவிட்டார்கள். பச்சை டிரங்குப் பெட்டியில் இருக்கிறதே, நீ சின்ன வயதில் எடுத்து விளையாடுவாயே, அதுதான். அந்த மூன்று பெண்களின் பெயராவது உனக்குத் தெரிகிறது. நான் ஏற்றிவிட்டவளின் பெயர் எனக்கு நினைவில்லை. ரிஜிஸ்டரில் புருஷன் பெயரைப் போட்டு, அவர் மனைவி என்றுதான் எழுதுவோம்.

அந்த ஊருக்கு இப்போது பஸ் போகிறதாம். ரெண்டு தடவை அஸ்தம்பட்டி வரைக்கும் போய்த் திரும்பிவிட்டேன். அப்பாவிடம் மார்க்கெட் என்று சொல்லியிருக்கிறேன், நீயும் சொல்லிவிடாதே.

புதன்கிழமை உனக்கு ஓ.பி. இல்லை என்று சித்தி சொன்னாள். அன்றைக்குக் கூப்பிடு. முறுக்கு நமத்துப்போவதற்குள் சாப்பிடு.

அன்புடன்,
அம்மா