பொறியியல் மாணவருக்குத் தத்துவத்தை எங்கிருந்து தொடங்குவது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பொறியியல் படிக்கும் பிள்ளைகளுக்குத் தத்துவம் எதற்கு என்று கேட்டுத் தங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். வேலூர்ப் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியில் முதலாண்டு வேதியியல் ஆய்வகத்தையும், கூடவே தத்துவ அறிமுக வகுப்பையும் பார்த்துக்கொள்பவள் நான். கட்டுரையாளர் வேண்டுமா வேண்டாமா என்று பேசி, விருப்பமுள்ளவர்கள் மட்டும் படிக்கட்டும் என்பதோடு நின்றுவிட்டார். வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. நாம் கோட்டை விடுவது தொடங்கும் இடத்தில்.

தேலீஸ், சாக்ரடீஸ், பிளேட்டோ, அரிஸ்டாட்டில் என்று பெயரும் காலமுமாகத் தொடங்கினால், மாணவர்கள் அதை இரண்டு மதிப்பெண் கேள்வியாக்கி மனப்பாடம் செய்துவிடுவார்கள். பதின்மூன்று மதிப்பெண் கேள்வி என்றால் உள்தலைப்பு போட்டுப் பக்கத்தை நிரப்புவார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். எந்தக் கேள்வியானாலும் அதற்குச் சரியான விடை ஒன்று எங்கோ அச்சாகிக் கிடக்கிறது என்று பன்னிரண்டு வருடம் பழக்கியது நாம்தான்.

என் அனுபவத்தில் தத்துவம் அவர்களுக்குப் பிடிபடும் இடம் ஆய்வகம். தண்ணீரின் கடினத்தன்மையை ஈ.டி.டி.ஏ. என்ற வேதிப்பொருளின் கரைசலால் அளக்கும் சோதனையை எடுத்துக்கொள்ளுங்கள். கூம்புக் குடுவையில் நிறங்காட்டி சேர்த்ததால் ஒயின் சிவப்பாக இருக்கும் நீர், பியூரெட் என்ற அளவுக் குழாயிலிருந்து அந்தக் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட விட நீலமாகிறது. நிறம் மாறுவதைக் கண்ணால் பார்க்கிறார்கள். இத்தனை மில்லி செலவானதால் கடினத்தன்மை இவ்வளவு என்று ஊகிக்கிறார்கள். கரைசலின் செறிவு 0.01 மோலார் என்பதற்கோ, புட்டியில் ஒட்டியிருக்கும் சீட்டைத் தவிர அவர்களிடம் வேறு சான்று இல்லை. காட்சி, அனுமானம், பிறர் உரை என்று நம் தருக்க நூலோர் தலைமுறை தலைமுறையாக வாதிட்ட அளவைகள், அதாவது அறியும் வழிகள், மூன்றும் அந்த ஒரே மேசைமேல் இருக்கின்றன.

அங்கிருந்து மணிமேகலைக்குப் போவது எளிது. அதன் 29ஆம் காதையில் பௌத்தத் துறவி அறவண அடிகள் பௌத்தத் தருக்கத்தை விளக்குகிறார்: அளவைகள் இரண்டே, காட்சியும் கருத்தும் (அனுமானம்), மற்றவை எல்லாம் கருத்தளவைக்குள் அடங்கிவிடும். புகை இருப்பதால் மலையில் நெருப்பு இருக்கிறது, அடுக்களையில் போல, என்ற எடுத்துக்காட்டும் அங்கே வருகிறது; வாதம் எங்கெல்லாம் பிழைபடும் என்ற நீண்ட பகுப்பும் வருகிறது. "அப்படியானால் புட்டிச் சீட்டை நம்பியது எந்த அளவை?" என்று கேட்டால் வகுப்பு இரண்டாகப் பிரிந்துவிடும். தெரிந்தவர் சொன்னதை நம்புவது தனி வழி என்று ஒரு பக்கம். இதுவரை சீட்டு சரியாக இருந்ததால் இன்றும் சரியாக இருக்கும் என்று ஊகிக்கிறோம், அவ்வளவுதான் என்று இன்னொரு பக்கம். முதல் கட்சி நியாயம் என்ற பழைய இந்தியத் தருக்கப் பள்ளியினருடையது, இரண்டாவது பௌத்தர்களுடையது என்பதை அதற்குப் பிறகு சொன்னால் போதும். இரண்டு அளவீடு ஒத்துவந்ததும் நிறுத்திக்கொள்கிறீர்களே, மூன்றாவதும் அப்படியே வரும் என்பதற்கு என்ன உறுதி என்று கேட்கும்போது, இதுவரை நடந்தது இனியும் நடக்கும் என்பதற்கு என்ன ஆதாரம் என்று கேட்ட 18ஆம் நூற்றாண்டு ஸ்காட்லாந்துத் தத்துவவாதி டேவிட் ஹியூம் தானாக வகுப்புக்குள் வந்துவிடுகிறார். பழைய தரவுகளைக் கொண்டு பயிற்றுவித்த நிரல் புதிய தரவில் ஏன் தடுமாறுகிறது என்று படிக்கிற கணினி அறிவியல் மாணவர்களுக்கு அவரை நீட்டி விளக்க வேண்டியதே இல்லை.

சீனியரின் ரெக்கார்டு நோட்டைப் பார்த்துத் தன் அளவீட்டைத் திருத்திக்கொள்ளும் பழக்கத்தை எல்லா ஆய்வக ஆசிரியர்களும் அறிவார்கள். அதைக் கண்டிப்பதோடு விடாமல் விவாதிக்கவும் வேண்டும். அந்த மாணவரிடம் இருக்கும் எண் சரியானதாகவே இருக்கலாம். ஆனால் அவருக்கு அது தெரியும் என்று சொல்லலாமா? சரியான எண்ணமும் அறிவும் ஒன்றா என்று பிளேட்டோ கேட்டது இதைத்தான். இப்போது அந்தப் பெயரைச் சொன்னால் மாணவர்கள் மறப்பதில்லை.

அடுத்த படி இன்னும் முக்கியமானது. குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயம் (ஐ.எஸ். 10500) மொத்தக் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது என்கிறது. வேறு நீராதாரம் இல்லாவிட்டால் 600 வரை அனுமதிக்கலாம் என்றும் சொல்கிறது. வேறு கிணறு இல்லாத ஊரில் அதே தண்ணீரின் வேதியியல் மாறிவிடுமா? மாறாது. அளந்து பெறும் எண் ஒரு வகை. எதுவரை பொறுத்துக்கொள்ளலாம் என்ற எண் மனிதர்கள் கூடி எடுத்த முடிவு. முதலாவதிலிருந்து இரண்டாவதை எந்தச் சமன்பாடும் தந்துவிடாது. நாளை ஒரு தொழிற்சாலையில் கையெழுத்துப் போடப்போகிற பிள்ளைக்கு இந்த வேறுபாடு தெரிந்தே ஆக வேண்டும்.

வேலூரில் இதைப் பேச எடுத்துக்காட்டுகளைத் தேடி அலைய வேண்டியதில்லை. பாலாற்றுப் பகுதியின் தோல் பதனிடும் ஆலைகளின் (டேனரி) கழிவு குறித்து வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில், 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்றது. பெரும் சேதம் நேரக்கூடும் என்றால் அறிவியல் உறுதி கிடைக்கட்டும் என்று காத்திருக்கக் கூடாது என்றது. தன் செயலால் சூழலுக்குக் கேடில்லை என்று நிறுவும் பொறுப்பைத் தொழில் நடத்துபவர்மேல் வைத்தது. தெரியாத நிலையில் எப்படி நடந்துகொள்வது, நிரூபிக்கும் சுமை யாருடையது என்பவை தத்துவத்தின் பழைய கேள்விகள். ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைப் பிள்ளைகள் இருக்கும் வகுப்பில் இந்த விவாதம் லேசாக முடியாது. கிணறு கெட்டுப்போன வீட்டிலிருந்தும் வருகிறார்கள், டேனரிக் கூலியில் படிக்கும் வீட்டிலிருந்தும் வருகிறார்கள். சில சமயம் இரண்டும் ஒரே வீடு. பொறியியல் அறம் என்றாலே 1986இல் வெடித்த அமெரிக்காவின் சேலஞ்சர் விண்கலத்தைத்தான் பாடமாக வைக்கிறோம். அது இருக்கட்டும். 2015 ஜனவரியில் ராணிப்பேட்டையில் தோல் ஆலைகளுக்கான ஒரு பொதுக் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தின் கசடுத் தொட்டிச் சுவர் இடிந்து, உறங்கிக்கொண்டிருந்த 10 தொழிலாளர்கள் மாண்டார்கள். தெரிந்திருக்க வேண்டியதைத் தெரிந்துகொள்ளாமல் இருப்பது குற்றமா என்ற கேள்வியை எந்தப் பாடநூலையும்விட அந்தச் சுவர் நேராகக் கேட்கிறது.

விருப்பமுள்ளவர்கள் மட்டும் படிக்கட்டும் என்று கட்டுரையாளர் எழுதியிருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. இதே வேலூரில் ஊரீசு கல்லூரியில் படித்து, பின் சென்னை கிறித்தவக் கல்லூரிக்குப் போன, பின்னாளில் குடியரசுத் தலைவரான தத்துவ அறிஞர் ராதாகிருஷ்ணன், உறவினர் ஒருவரின் பழைய பாடநூல்கள் கைக்கு வந்ததால்தான் தத்துவத்தை எடுத்தார் என்று சொல்வார்கள். எதிரில் வந்து நிற்காத ஒன்றின்மேல் எப்படி விருப்பம் பிறக்கும்?

அடுத்து, யார் நடத்துவது என்ற சிக்கல். பெரும்பாலும் யாருக்கு வகுப்பு நேரம் குறைவோ அவர் தலையில் இந்தத் தாள் விழுகிறது. தத்துவம் படித்த ஒருவரும் துறை ஆசிரியர் ஒருவரும் சேர்ந்து ஒரே வகுப்பில் நிற்க வேண்டும் என்பது என் கருத்து. தேர்வும் மாற வேண்டும்: ஒரு வாதத்தைக் கொடுத்து, அது எங்கே வலுவிழக்கிறது என்று எழுதச் சொல்லுங்கள். விடைத்தாள் திருத்துவது கடினம்தான், ஆனால் முடியாததல்ல.

வகுப்பு தமிழில் நடக்க வேண்டும். குடியாத்தம், பேரணாம்பட்டு, அணைக்கட்டுப் பக்கமிருந்து தமிழ் வழியில் படித்து வருகிற பிள்ளைகள் ஆங்கில வகுப்பில் வாயே திறப்பதில்லை. தமிழில் கேட்டால் மறுத்துப் பேசுகிறார்கள், உதாரணம் சொல்கிறார்கள், ஆசிரியரையே மடக்குகிறார்கள். அண்ணா பல்கலைக்கழகப் பாடத்திட்டத்தில் 'தமிழர் மரபு', 'தமிழரும் தொழில்நுட்பமும்' என்று தாள்கள் வந்திருக்கின்றன. கட்டடக் கலைக்கும் உலோகத் தொழிலுக்கும் அங்கே இடம் உண்டு. அளவைகளைப் பற்றியும், வாதிடும் முறை பற்றியும் ஒரு அலகு சேர்த்தால் நல்லது.

தங்களுக்கு ஒரு வேண்டுகோள். இப்படி வகுப்பில் கொடுத்து வாசிக்கச் சொல்ல, உள்ளூர்ச் சிக்கல்களை வைத்து எழுதிய சிறு கட்டுரைகள் தமிழில் போதவில்லை. மாதம் ஒன்றாவது தங்கள் இதழில் வந்தால், நகலெடுத்து என் மாணவர்களுக்குக் கொடுப்பேன். அவர்கள் எழுதும் மறுப்புகளையும் அனுப்பிவைக்கிறேன், தகுதியானவற்றை வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
பொறியியல் கல்லூரி ஆசிரியை ஒருவர்,
காட்பாடி, வேலூர் மாவட்டம்.