அட்டைக் கணக்கும் 90 நாள் நோட்டீஸும்

ஆசிரியருக்கு வணக்கம்.

ஊழியர்களை அலுவலகத்துக்குத் திரும்ப அழைப்பது பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரை, வீடா அலுவலகமா என்ற கேள்வியோடு நின்றுவிட்டது. வேலையை விட்டுப் போவது எவ்வளவு கடினம் என்பதையும் சேர்த்துப் பார்த்தால்தான் அலுவலகத்தில் இருக்கும் நேரத்தை நிமிடக் கணக்கில் கண்காணிப்பதன் கனம் புரியும்.

எங்கள் அலுவலக வாயிலில் உள்ளே வருவதற்கும் அட்டை தேய்க்க வேண்டும், வெளியே போவதற்கும் தேய்க்க வேண்டும். மாதக் கடைசியில் மேலாளருக்கு எக்செல் தாள் ஒன்று வரும். ஒருமுறை என் பெயருக்கு நேரே சிவப்புக் கட்டம்: வாரக் கணக்கில் 40 நிமிடம் குறைவு. அந்த வாரம்தான் வீட்டில் இரவு 2 மணி வரை உட்கார்ந்து வாடிக்கையாளரின் சர்வர் கோளாறைச் சரிசெய்திருந்தேன். அந்த நேரத்துக்குத் தாளில் கட்டமே இல்லை. பகலில் அலுவலகம் போய் ஹெட்போன் மாட்டிக்கொண்டு வெளியூர்க் குழுவோடு பேசியதற்கு மட்டும் கணக்கு இருக்கிறது.

பிடிக்காவிட்டால் வேறு வேலை தேடலாமே என்பார்கள். தேடினேன், கிடைத்தது. புதிய நிறுவனம் 30 நாளில் சேரச் சொன்னது. இங்கே நோட்டீஸ் 90 நாள்; அதாவது விலகுவதாகச் சொன்ன பிறகும் அத்தனை நாள் வேலை செய்ய வேண்டும். மிச்ச நாட்களின் சம்பளத்தை நானே கட்டிவிடுகிறேன் என்று கெஞ்சியும் இவர்கள் ஒப்புக்கொள்ளவில்லை. பழைய நிறுவனம் விடுவித்ததற்கான ரிலீவிங் லெட்டர் இல்லாமல் அங்கே எடுக்க மாட்டார்கள். வாய்ப்பு கைநழுவியது. மறுநாள் காலை அட்டையைத் தேய்த்தேன். எப்போதும்போலப் பச்சை விளக்கு எரிந்தது.

வேலை ஒப்பந்தத்தில் போட்டி நிறுவனத்தில் சேரக் கூடாது என்ற ஷரத்து வேறு. வேலையை விட்ட பிறகு அப்படித் தடுப்பது இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 27-வது பிரிவின்படி செல்லாது. அது 1872-ஆம் ஆண்டுச் சட்டம். கணினித் துறை செழித்த கலிபோர்னியாவிலும் அதே 1872 முதல் இத்தகைய ஒப்பந்தங்கள் செல்லாதவை. இது தெரியாமலே எத்தனையோ பேர் கையெழுத்தை நினைத்துப் பயந்து இருந்த இடத்திலேயே இருக்கிறார்கள். அப்படி இருப்பவர்களிடம்தான் நிமிடக் கணக்கு கேட்க முடியும்.

ஊழியர்களைத் தக்கவைக்க வேறு வழி இருக்கிறது. சீனாவின் இணையவழிப் பயண முன்பதிவு நிறுவனமான ட்ரிப்.காமில் 1,600-க்கும் மேற்பட்டோரிடம் நடந்த ஆய்வு 2024-இல் ‘நேச்சர்’ அறிவியல் இதழில் வந்தது. வாரம் 2 நாள் வீட்டிலிருந்து வேலை செய்ய விட்டதும் விலகுவோர் மூன்றில் ஒரு பங்கு குறைந்தார்கள். வேலைத்திறனும் பதவி உயர்வும் பாதிக்கப்படவில்லை.

மிச்ச நோட்டீஸ் நாட்களுக்குப் பணம் கட்டிவிட்டு விலகும் உரிமை ஊழியரிடமே இருக்க வேண்டும். அட்டைப் பதிவில் தன்னைப் பற்றி என்ன இருக்கிறது என்று பார்க்கும் உரிமையும் வேண்டும். இவற்றைப் பற்றியும் உங்கள் இதழ் எழுத வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
பெயர் வெளியிட விரும்பாத மென்பொருள் ஊழியர்