முத்துத் துறைமுகத்துக்கு முன்னால் ஆறு வருடக் கதை இருக்கிறது

மதிப்பிற்குரிய விடைக்குறிப்புக் குழுவினருக்கு,

வணக்கம். போன வாரத் திருப்புதல் தேர்வில் நீங்கள் கேட்ட ஐந்து மதிப்பெண் கேள்வி நினைவிருக்கும்: 'அமெரிக்கா நடுநிலையைக் கைவிட்டு இரண்டாம் உலகப் போரில் இறங்கியது எப்படி?' விடைக்குறிப்பில் இருப்பது ஒரே விஷயம்தான். 1941 டிசம்பர் 7, ஹவாயில் இருந்த அமெரிக்கக் கடற்படைத் தளமான முத்துத் துறைமுகம் (பேர்ல் ஹார்பர்), ஜப்பானியத் தாக்குதல். இதை நாலு வரியில் எழுதியவர்களுக்கு முழு மதிப்பெண் கிடைத்தது. ஒன்றரைப் பக்கம் எழுதிய என் மாணவிக்கு 2. அந்தக் குறிப்பைத் திருத்துங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

அவள் 1935-இல் தொடங்கியிருந்தாள். முதல் உலகப் போரில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களைப் பறிகொடுத்த நாடு, இனி அடுத்தவர் சண்டை வேண்டாம் என்று அந்த வருடம் நடுநிலைச் சட்டம் போட்டது. போரிடும் நாடுகளுக்கு ஆயுதம் விற்கக் கூடாது. 1939 நவம்பரில் அந்தத் தடையை எடுத்துவிட்டு, ரொக்கம் கொடுத்து உங்கள் கப்பலிலேயே ஏற்றிப் போங்கள் என்றார்கள். 1940 செப்டம்பரில் 50 பழைய போர்க்கப்பல்கள் பிரிட்டனுக்குப் போயின, அதே மாதம் கட்டாய ராணுவச் சேவையும் வந்தது. அப்புறம் பிரிட்டன் கையில் காசு தீர்ந்துகொண்டிருந்தபோது அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட் பத்திரிகையாளர்களிடம் சொன்னார்: பக்கத்து வீடு தீப்பிடித்தால் என் தோட்டத்துக் குழாயைக் கொடுப்பேன், விலை கேட்க மாட்டேன், தீ அணைந்ததும் குழாய் திரும்பி வந்தால் போதும். அதுதான் 1941 மார்ச்சில், உடனே காசு கேட்காமல் ஆயுதம் கொடுக்கும் கடன்-குத்தகைச் சட்டமாக வந்தது.

இவ்வளவையும் அந்தப் பெண் எழுதியிருக்கிறாள். திருத்தியவர் 'குழாய்' என்ற சொல்லைச் சிவப்பு மையில் வட்டமிட்டு, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டிருக்கிறார். அவரைக் குறை சொல்ல மாட்டேன், அவர் கையில் இருந்தது உங்கள் குறிப்பு.

தாளை வாங்கிய பிறகு அவள் என்னிடம் கேட்டது மதிப்பெண்ணைப் பற்றி இல்லை. 1941 அக்டோபர் 31 விடிகாலையில், ஐஸ்லாந்துக்கு மேற்கே சரக்குக் கப்பல்களுக்குக் காவலாகப் போன 'ரூபன் ஜேம்ஸ்' என்ற அமெரிக்கப் போர்க்கப்பலை ஜெர்மன் நீர்மூழ்கி ஒன்று தகர்த்தது. கப்பல் இரண்டாகப் பிளந்து மூழ்கியதில் ஏறத்தாழ நூறு மாலுமிகள் இறந்தார்கள். "மிஸ், இவங்க செத்தப்போ அமெரிக்கா நடுநிலை நாடுதானா?" என்று கேட்டாள். முத்துத் துறைமுகத்துக்கு அப்போது இன்னும் ஐந்து வாரம் இருந்தது. உங்கள் குறிப்பின்படி நான் 'ஆமாம்' என்று சொல்ல வேண்டும். எனக்கு வாய் வரவில்லை.

ஜப்பான் ஏன் தாக்கியது என்பதற்கும் உங்கள் குறிப்பில் இடமில்லை. 1941 ஜூலையில் அமெரிக்கா ஜப்பானின் சொத்துகளை முடக்கியது, எண்ணெய் நின்றது. தன் எண்ணெயில் பெரும்பகுதியை அங்கிருந்தே வாங்கிக்கொண்டிருந்த நாடு அது. இதைச் சொல்லாமல் விட்டால், விமானங்கள் காரணமே இல்லாமல் வானத்திலிருந்து வந்த மாதிரி ஆகிவிடுகிறது.

ஒவ்வொரு படியிலும் அமெரிக்காவில் கடுமையான வாக்குவாதம் நடந்தது. கட்டாயச் சேவைக் காலத்தை நீட்டிக்கும் மசோதா 1941 ஆகஸ்டில் பிரதிநிதிகள் சபையில் 203க்கு 202 என்று ஒரே ஓட்டில் தப்பியது. ஒரு ஓட்டு! இதைச் சொன்னபோது என் வகுப்பில் கடைசி பெஞ்சு வரை நிமிர்ந்து உட்கார்ந்தது. இப்படிக் கேட்கிற பிள்ளைகளிடம் போய் நாலு வரியை மனப்பாடம் பண்ணச் சொல்கிறோமே, எனக்கு அதுதான் தாங்கவில்லை. வரலாறு பிடிக்கவில்லை என்று அவர்கள் சொன்னால் அவர்கள் மேல் என்ன தப்பு? ஏற்கெனவே வரலாற்றுப் பீரியடைக் கணக்குக்கு எடுத்துக்கொள்கிறார்கள், மிச்சமிருப்பதையும் தேதிகளாகச் சுருக்கிவிட்டால் நாங்கள் எதைத்தான் நடத்துவது?

மன்னியுங்கள், ஆதங்கத்தில் எங்கோ போய்விட்டேன். நான் கேட்பது இவ்வளவுதான். நடுநிலைச் சட்டம், கடன்-குத்தகை, அட்லாண்டிக் மோதல்கள், எண்ணெய்த் தடை ஆகியவற்றை விடைக்குறிப்பில் சேர்த்து, இவற்றை எழுதியவர்களின் தாள்களை மறுபடி திருத்தச் சொல்லுங்கள். 'எப்படி' என்று கேட்டது நீங்கள்தான், அதற்கு அவள் பதில் சொல்லியிருக்கிறாள். அவளுடைய விடைத்தாளின் நகலை இத்துடன் வைத்திருக்கிறேன், தயவுசெய்து இரண்டாம் பக்கத்தை முழுதாகப் படியுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வரலாற்று ஆசிரியை