நூறு தலைப்பு கேட்ட புலவரம்மாவுக்கு

சுங்கை சிப்புட், பேராக்

அன்புள்ள புலவரம்மாவுக்கு,

இங்கு எல்லாரும் நலம். அங்கும் அவ்வாறே என்று நம்புகிறேன். முழங்கால் வலி இருந்த இடத்திலேயே இருக்கிறது; அதைப் பற்றி மேலும் எழுதினால் நீ தைலங்களின் பெயர்களை அடுக்கத் தொடங்குவாய் என்பதால் இத்துடன் நிறுத்துகிறேன். குடைக்கார சார் வீட்டுத் திருமணத்திற்கு நான் வராததால் நீ மண்டபத்திலேயே முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டதாகச் சின்னவள் சொன்னாள். அந்தக் கோபத்தை நேரில் பார்க்கும் வரை பத்திரமாக வைத்திரு.

குளுவாங்கில் நீ நடத்தும் ஞாயிறு வகுப்புக்கு அன்றாட வாழ்க்கையிலிருந்து நூறு எழுத்துத் தலைப்புகள் வேண்டும் என்று கேட்டிருந்தாய். பதில் வரவில்லை என்றதும் கொஞ்சம் காரமாக மறுபடியும் கேட்டிருந்தாய். நான் ஒன்றுகூட அனுப்பப் போவதில்லை. பிள்ளைகளுக்குத் தலைப்புக் கொடுக்கும் வழக்கத்தையே விட்டுவிட்டேன். ஏன் விட்டேன் என்பதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். அது நீளும், தேநீர் கலக்கி வைத்துக்கொண்டு உட்கார்.

கோயில் மண்டபத்தில் சனிக்கிழமை வகுப்பைத் தொடங்கிய புதிதில், 'எங்கள் ஊர்ப் பாசார் மாலாம்' என்று இரவுச் சந்தையைத் தலைப்பாகப் பலகையில் எழுதிப் போட்டேன். ஏறக்குறைய எல்லாத் தாள்களிலும் கதிரவன் தன் பொற்கதிர்களைப் பரப்பினான், பறவைகள் கீச்சிட்டன, தென்றல் மெல்ல வீசியது. நம் ஊரில் பாசார் மாலாம் கூடுவதே பொழுது சாயும் வேளையில்தான் என்பது அந்தக் கதிரவனுக்கு எவரும் சொல்லவில்லை போலும். 'நான் ஒரு குடை' என்று கொடுத்தாலும் இதே கதைதான். தொழிற்சாலையில் பிறந்து, கடையில் தொங்கி, ஒரு நல்ல சிறுவனிடம் சேர்ந்து, இறுதியில் கம்பி முறிந்து குப்பைத் தொட்டியில் கிடந்து கண்ணீர் வடிக்காத குடையை இந்த நாட்டுத் தமிழ்ப்பள்ளிகளில் நீ பார்த்திருக்கிறாயா? தொடக்கப்பள்ளி முடிவில் எழுதும் யு.பி.எஸ்.ஆர். தேர்வை 2021இல் எடுத்துவிட்டார்கள். அதற்காக மனப்பாடம் செய்யப்பட்ட பத்திகள் மட்டும் ஓய்வு பெறாமல் அக்காவிடமிருந்து தம்பிக்குக் கைமாறி வந்துகொண்டிருக்கின்றன.

பிள்ளைகளைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தலைப்பு என்று ஒன்றைக் கொடுத்த உடனேயே, பெரியவர்கள் எதிர்பார்க்கும் விடை ஒன்று எங்கோ தயாராக இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரிந்துவிடுகிறது. அதைத் தேடி எடுத்துத் தருவதுதான் தங்கள் வேலை என்று எண்ணுகிறார்கள். ஆகவே இப்போது நான் கேட்பதெல்லாம், எனக்கே விடை தெரியாத, அந்தப் பிள்ளை போய்ப் பார்த்தோ கேட்டோ வந்தால்தான் தெரியக்கூடிய கேள்விகள்.

முதலில் பலித்தது ஆந்தை விஷயத்தில். பழைய ரப்பர்ப் பால் மரங்களை வெட்டிவிட்டுச் செம்பனை போட்ட பகுதியில், கம்பங்களின் மேல் மரப்பெட்டிகளை நிறுத்தி வைத்திருக்கிறார்கள் அல்லவா. பழக்குலைகளைக் கடித்து நாசம் செய்யும் எலிகளைப் பிடிப்பதற்காகக் கூகை ஆந்தைகளை அங்கே குடிவைக்கிறார்கள். என் வகுப்பில் நான்கு வரிக்கு மேல் எழுதவே எழுதாத பையன் ஒருவனின் தந்தை அந்தத் தோட்டத்தில் குலை வெட்டுகிறார். "அந்தப் பெட்டிக்குக் கீழே தரையில் என்ன கிடக்கிறது?" என்று மட்டும் அவனிடம் கேட்டேன். அடுத்த சனிக்கிழமை ஒரு பிளாஸ்டிக் பையில் சாம்பல் நிற உருண்டைகளைக் கொண்டு வந்து மண்டபத்துத் தரையில் கொட்டினான். விழுங்கிய எலியில் செரிக்காமல் போகும் எலும்பையும் மயிரையும் ஆந்தை உருட்டிக் கக்கிவிடும் என்பது உனக்குத் தெரிந்திருக்கும். கையுறை மாட்டிக்கொண்டு பல்குத்தும் குச்சியால் பிரித்தோம். சின்னஞ்சிறு மண்டை ஓடுகளும் தாடைகளும் பல் உதிராமல் வந்தன. குருக்கள் எட்டிப் பார்த்துவிட்டு எதுவும் சொல்லாமல் போய்விட்டார். (பிறகு சொன்னார், அதை இங்கே எழுத வேண்டாம்.) அந்தப் பையன் அன்று ஒரு பக்கம் முழுவதும் எழுதினான். அதில் ஒரு வரி: "ஆந்தை எலியைக் கழுவாமல் தின்கிறது, எலும்பை மட்டும் கழுவித் திருப்பித் தருகிறது." இதைவிட நல்ல வாக்கியத்தை நம் பயிற்சிக் கல்லூரி நாள்களில் நீயோ நானோ எழுதியதாக எனக்கு நினைவில்லை, நீ புலவரம்மா என்ற பட்டத்தோடு திரிந்த காலத்தையும் சேர்த்தே சொல்கிறேன்.

கேள்வியின் அளவுதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. ஒரு சிறுமியிடம், தோட்ட வாழ்க்கையைப் பற்றிப் பாட்டியிடம் கேட்டு எழுதும்படி சொன்னபோது, "கஷ்டந்தான்" என்ற ஒற்றைச் சொல்லோடு திரும்பி வந்தாள். பாட்டிகள் அப்படித்தான் சொல்வார்கள். ஐம்பது ஆண்டுகளை ஒருவர் வேறெப்படிச் சொல்ல முடியும்? விடியற்காலையில் மழை பெய்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்கும்படி மறுபடியும் அனுப்பினேன். அன்று பாட்டி இரவு உணவு ஆறும் வரை பேசியிருக்கிறார். ஈரப் பட்டையில் வெட்டினால் பால் மங்குக் கிண்ணத்தில் இறங்காமல் மரம் முழுக்க வழிந்து வீணாகும் என்பதையும், அதனால் அன்று வெட்டு இல்லை, வெட்டு இல்லாவிட்டால் சம்பளமும் இல்லை என்பதையும், கூரைத் தகரத்தில் மழைச் சத்தம் கேட்டதும் லயத்துப் பிள்ளைகள் போர்வைக்குள் சிரிக்க, தாய்மார்கள் இருட்டிலேயே அரிசிப் பானையைத் திறந்து பார்ப்பார்கள் என்பதையும் அந்தச் சிறுமி எழுதிக்கொண்டு வந்தாள். 1948 ஜூன் மாதம் இந்த ஊர்த் தோட்டங்களில் துரைமார் சுடப்பட்டதையும் அதன் பின் அவசரகாலம் வந்ததையும் பாடநூலில் படித்த ஒரு பையன், தொண்ணூறை நெருங்கும் தன் கொள்ளுத் தாத்தாவிடம், "அப்போது வேலைக்காட்டுக்குச் சோறு கட்டிக்கொண்டு போனீர்களா?" என்று கேட்டிருக்கிறான். காட்டில் இருக்கும் கம்யூனிஸ்டுப் போராளிகள் கைக்குப் போய்ச் சேர்ந்துவிடும் என்று சோற்றுப் பொட்டலத்தைக் கொண்டுபோகவே விடவில்லை என்றும், தம் தாயார் வெறும் வயிற்றோடு வெட்டிவிட்டு வந்தார் என்றும் அவர் சொன்னாராம். அந்த வீட்டில் இது வரை யாருக்கும் இந்தச் செய்தி தெரியாது. அதுவரை எவரும் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

கேள்விகளை மட்டும் நம்பி வாரம் முழுவதையும் ஓட்ட முடியாது என்பதால், எல்லாருக்கும் ஆளுக்கொரு 555 நோட்டு வாங்கிக் கொடுத்தேன். மளிகைக் கடையில் நம் அம்மாக்களின் கடனைக் குறித்து வைத்த அதே சின்ன நோட்டுதான். இன்றும் மலிவாகக் கிடைக்கிறது, சட்டைப் பையில் அடங்குகிறது, அதில் அழகாக எழுத வேண்டும் என்ற பயமே எவருக்கும் வருவதில்லை. நாளுக்கு ஒரு வரி. அன்று கண்ட ஒன்று அல்லது காதில் விழுந்த ஒன்று. 'அழகான', 'இனிமையான', 'மகிழ்ச்சியாக' ஆகிய மூன்றுக்கும் தடை. சனிக்கிழமை அந்த வரிகளில் ஒன்றைத் தாங்களே தேர்ந்தெடுத்து விரித்து எழுதுவார்கள். தீபாவளிக்கு முன் வாரம் ஒருத்தி, "எங்கள் வீட்டு முறுக்கு உரல் எங்கள் வீட்டில் இல்லை" என்று குறித்திருந்தாள். அது எங்கே என்று தேடிப் போகச் சொன்னேன். வீடு வீடாகக் கைமாறிப் போன அந்த உரலைத் தொடர்ந்து சென்று, எந்த வீட்டில் அச்சுத் தொலைந்தது, எந்த வீட்டுக்காரர் அதைத் தம்முடையது என்றே நினைத்துக்கொண்டிருக்கிறார், எந்த இரண்டு வீட்டுக்குள் பேச்சு இல்லாததால் உரல் மூன்றாவது வீட்டின் வழியாகச் சுற்றிப் போனது என்றெல்லாம் எழுதினாள். தீபாவளியைப் பற்றி இத்தனை ஆண்டுகளில் நான் திருத்திய கட்டுரைகளில், எண்ணெய்க் குளியலும் புத்தாடையும் இல்லாத முதல் கட்டுரை அதுதான்.

பெரிய பிள்ளைகளிடம் இந்த வித்தை எளிதில் பலிக்கவில்லை. படிவம் நான்கு, ஐந்து படிப்பவர்கள் நிலவையும் பிரிவையும் விட்டு இறங்க மறுக்கிறார்கள். எண்ணெய் நிலையத்தில் பகுதிநேர வேலை பார்க்கும் ஒருவன், மாதக் கடைசியில் இரண்டு வெள்ளிக்கு மட்டும் எண்ணெய் நிரப்ப வருகிறவர்களைப் பற்றி என்னிடம் பேச்சுவாக்கில் அவ்வளவு அருமையாகச் சொன்னான். அதையே எழுது என்றதற்கு, அது இலக்கியமாகாது என்று எனக்கே பாடம் எடுத்தான். வெளியிடவும் இடம் குறைந்துவிட்டது. 1924இல் தொடங்கிய தமிழ் நேசன் 2019இல் நின்றுபோனது. தமிழ் முரசின் மாணவர் மணிமன்றத்தில் தன் பெயரை அச்சில் பார்த்துவிட்டு எழுத்தாளரானவர்கள் எத்தனை பேர் என்று உன் அப்பா கணக்குச் சொல்வாரே, அந்த வாய்ப்பு இவனுக்கு இல்லை. நான் ஒரு கையெழுத்து ஏடு தயாரித்து மண்டபத்து அறிவிப்புப் பலகையில் தொங்கவிடுகிறேன். பூசைக்கு வருகிறவர்கள் பிரசாதம் வாங்கக் காத்திருக்கையில் படிக்கிறார்கள். முறுக்கு உரல் கட்டுரைக்குப் பின் அந்த இரண்டு வீட்டாரும் என்னோடும் பேசுவதில்லை.

இனி, உன்னிடம் உண்மையில் கேட்க வேண்டியதற்கு வருகிறேன். சென்ற மாதம் ஒரு நோட்டில் இப்படி ஒரு குறிப்பு இருந்தது: "மோட்டார் சைக்கிளில் இரண்டு பேர் வந்து அப்பாவைக் கேட்டார்கள். இல்லை என்று நான் சொன்னேன். அப்பா கட்டிலுக்கு அடியில் இருந்தார்." ஆலோங்கிடம், அதாவது உரிமமில்லாத வட்டிக்காரனிடம், கடன் வாங்கிய வீடு என்பதற்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை. ஒன்பது வயதுப் பிள்ளை, கண்டதைக் கண்டபடி, நான் தடை செய்த சொற்களில் ஒன்றுகூட இல்லாமல் எழுதியிருக்கிறது. கட்டுரையாக அதில் திருத்த எதுவும் இல்லை. அதைப் படித்த பிறகு என் கை ஓடவில்லை. அன்று முதல், பக்கத்தை மடித்து வைத்தால் நான் அதைத் திறக்க மாட்டேன், மடிக்காததைப் படிப்பேன், எழுதியவர் சரி என்று சொன்னால்தான் பலகைக்குப் போகும் என்று எல்லாருக்கும் சொல்லி வைத்திருக்கிறேன். ஆனால் அந்தப் பிள்ளை பக்கத்தை மடிக்கவில்லையே. நான் படிக்க வேண்டும் என்றுதான் விரித்து வைத்ததா, மடிக்க வேண்டிய செய்தி என்றே அதற்குத் தெரியவில்லையா? தாயாரிடம் நோட்டைக் காட்டாமல் பொதுவாகப் பேசிப் பார்த்தேன். அவர் கண்ணைப் பார்க்காமல், பிள்ளை இப்போது நன்றாக எழுதுகிறாள் என்று நன்றி சொல்லிவிட்டுப் போனார். பெரிய டீச்சர் இருந்திருந்தால் நேரே வீட்டுக்குள் நுழைந்து உட்கார்ந்திருப்பார். எனக்கு அந்தத் துணிவும் இல்லை, அவருக்கு இருந்த மரியாதையும் இந்த ஊரில் எனக்கு இல்லை. சும்மா இருக்கவும் முடியவில்லை.

நூறு தலைப்புக்குப் பதிலாக ஒரு கட்டு 555 நோட்டுகளைச் சின்னவளின் கணவரிடம் கொடுத்தனுப்புகிறேன். என் கேள்விகளை அங்கே பயன்படுத்தாதே. அவை இந்த ஊருக்கு உரியவை. உன் ஊரில் ரயில் நிலையமும் அதையொட்டிப் பழைய காப்பிக் கடையும் இருக்கின்றன. காப்பி ஆறுவதற்குள் வண்டி வந்துவிட்டால் மிச்சத்தை என்ன செய்கிறார்கள் என்று உன் பேத்தியை விசாரிக்கச் சொல். எனக்கு உண்மையிலேயே தெரியாது. கட்டிலுக்கு அடியில் இருந்த அந்த அப்பாவைப் பற்றி நீ நினைப்பதை மட்டும் வாட்ஸ்அப்பில் அனுப்பாதே. என் கைப்பேசியை இந்த வீட்டில் எல்லாரும் எடுத்துப் பார்க்கிறார்கள். கடிதமாகவே எழுது, சீக்கிரம் எழுது.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழி